என் பேத்தியின் கழுத்தும் பதினேழு படங்களும்

1933ஆம் வருஷம் ஜனவரி மாதம், மயிலாப்பூரில் என் வீட்டில், என் மகள் ரோஸுக்குத் தலைப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. கைவிரல் பத்து, கால்விரல் பத்து. நானே எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மருத்துவச்சி குழந்தையின் தலையை மெல்லத் திருப்பிக் காட்டினாள். இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். தொட்டால் மெத்தென்று அமுங்கியது. குழந்தை அழுதால் பெருத்தது.

சபையாரே, பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். அதனால் எழுதி வைத்து வாசிக்கிறேன். கர்த்தர் என் பேத்தி லில்லிக்குச் செய்ததைச் சொல்லத்தான் நிற்கிறேன். ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்ல முடியாது.

என் மனைவி இறந்து ஆறு வருஷம். எனக்கு ரோஸ் ஒருத்திதான். மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை, மாதத்தில் இருபது நாள் வெளியூர். மாப்பிள்ளையின் அப்பாவை உங்களில் தெரியாதவர் இல்லை. தேவசகாயம். தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தியாகராய நகரில் புது வீடு. அதில் மின்சார விளக்கு ஏழு. குடி போன பிறகும் இந்தச் சபையை விடாமல் புதன்தோறும் வந்து நம் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். அவர் வாயைத் திறந்தால் ஹார்மோனியம் வேண்டாம்.

நம் வாசலில் இருக்கிற தகரப் பெட்டியில் விண்ணப்பச் சீட்டுப் போடுகிறோம். யார் ஜெபிக்க வேண்டும் என்று மேலே பெயர் எழுதுகிற வழக்கமும் உண்டு. இந்த வருஷம் ஈஸ்டர் வரை நான் எண்ணினேன். அவர் பெயருக்கு நாற்பத்தொரு சீட்டு. என் பெயருக்கு ஒன்று. அந்த ஒன்றும் நானே எழுதிப் போட்டது. இதை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் மாதம் குழந்தையை மயிலாப்பூரிலேயே ஒரு சர்ஜனிடம் காட்டினோம். என் வீட்டிலிருந்து மூன்று தெரு. பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், காலையில் எட்டு மணி வரை வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பார். அவர் ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கினார். ஒரு டார்ச் விளக்கைக் கட்டியின் பின்பக்கம் வைத்து அழுத்தினார். கட்டி முழுவதும் செவ்வந்தி நிறத்தில், காகிதக் கூண்டு விளக்கு மாதிரி எரிந்தது. ரோஸ் அழுதுவிட்டாள்.

"பயப்படாதேம்மா. வெளிச்சம் உள்ளே போய் வருது பாரு, அது நல்லதுக்குத்தான்," என்றார் சர்ஜன். உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே தெளிந்த நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டாம். கருவில் உருவாகும்போதே சில குழாய்களுக்கு வழி தப்பிவிட்டால், நீர் தேங்கிப் பையாகப் பருத்துவிடுமாம். புற்று இல்லை. உயிரைத் தின்கிற ஜாதியும் இல்லை. ஆனால் கழுத்தில் இடம் குறைவு. வளர்ந்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும். ஒரு வயசு ஆனால் அறுத்து எடுப்பது சுலபம், அதுவரை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். "செப்டம்பர் முதல் வாரம் கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி பெரிசானா அன்னைக்கே வாங்க. யாராவது அளவு குறிச்சு வச்சா எனக்கு உதவியா இருக்கும்."

அளவு! நான் பொதுமராமத்து இலாகாவில் முப்பத்தொரு வருஷம் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்தவன். இந்த ஒரு காரியத்தைச் சம்பந்தியால் செய்ய முடியாது என்று நினைத்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது.

ஐந்தாம் மாதம் ரோஸும் குழந்தையும் தியாகராய நகருக்குப் போனார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை நானும் போனேன். என் வாசலிலிருந்து சம்பந்தி வாசலுக்கு ஐயாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. என்னிடம் பழைய டிரேசிங் துணி இருந்தது. கஞ்சி ஏற்றிய மெல்லிய துணி. அடியில் இருப்பதெல்லாம் மேலே தெரியும். குழந்தை தூங்கும்போது அதைக் கழுத்தில் பட்டும் படாமலும் பிடித்து, காது மடல், தாடை மூலை, காறை எலும்பு மூன்றையும் புள்ளி வைத்து, கட்டியின் ஓரத்தை அப்படியே பென்சிலால் எடுத்தேன். வீட்டுக்கு வந்து மையால் இழுத்துத் தேதி போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு படம்.

ஆனால் விழித்திருக்கும்போது லில்லி என்னிடம் வரமாட்டாள். நான் கை நீட்டினால் சம்பந்தியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை எண்ணினேன். அவர் மடியில் ஒன்பது தடவை. என் மடியில் ஒரு தடவை, அதுவும் அழுகையோடு.

"என்ன சம்பந்தி, தாடி குத்துதோ என்னவோ, குழந்தை பயப்படுறா," என்று சிரித்தார் அவர். மறுநாளே தாடியை எடுத்தேன். அப்போதும் வரவில்லை.

ஆகஸ்டு முதல் வாரம் குழந்தைக்குச் சளிக்காய்ச்சல். கட்டி பெருத்தது. காய்ச்சலோடு வந்தது காய்ச்சலோடு போகும் என்று இருந்துவிட்டோம். ஆறாம் படத்தில் அது தாடை மூலையைத் தாண்டிவிட்டது. சம்பந்தி மூன்று நாள் உபவாசம் இருந்தார். காய்ச்சல் விட்டது. கட்டியும் வற்றத் தொடங்கியது. எட்டாம் படத்தில் பாதியாகிவிட்டது.

ஆகஸ்டு கடைசிப் புதன்கிழமை இதே இடத்தில் எழுந்து நின்று அவர் சாட்சி சொன்னார். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கட்டி கரைந்துபோயிற்று, கத்தி படாமலே கர்த்தர் சுகமாக்கினார் என்றார். நீங்கள் அழுதீர்கள். பதினேழு பேர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தீர்கள். விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை அன்று குழந்தையைக் கொண்டுவந்து சபைக்கு முன் தூக்கிக் காட்ட வேண்டும் என்று நம் பாதிரி ஐயர் சொன்னார். நானும் அந்தக் குழந்தைக்குத் தாத்தாதான். நானும் ஜெபித்தேன், வேளைக்கு ஏழு நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை. என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் வந்தது. ரோஸ் சர்ஜனிடம் போக வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டாள்.

"சாட்சி சொல்லியாச்சேம்மா," என்றார் அவர். "சுகம் கிடைச்சதுன்னு சபையில சொல்லிட்டு, திரும்ப டாக்டர் வாசல்ல போய் நின்னா ஆண்டவரை அவமானப்படுத்துற மாதிரி ஆகாதா?"

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. சொன்ன சாட்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று, யாருக்காகச் சாட்சி சொன்னோமோ அவளைக் காப்பாற்ற மறந்துவிடுவது. ஆனால் அவர் தப்பைவிட என் தப்பு பெரியது. அதற்கு வருகிறேன்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பன்னிரண்டாம் படத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆறாம் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கோடு வெளியே போயிருந்தது. காய்ச்சலில் பெருத்த அளவைவிடப் பெரிது. கட்டி திரும்பி வந்துவிட்டது.

அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. சபையாரே, எனக்குச் சந்தோஷம் வந்தது. அன்று ராச்சாப்பாடு எனக்கு ருசித்தது. அவர் சாட்சி பொய் என்பதற்கு என் கையில் தேதி போட்ட படம் இருக்கிறது. பண்டிகை அக்டோபர் நாலாம் ஞாயிறு. குழந்தையைத் தூக்கிக் காட்டும்போது எல்லாரும் கழுத்தைப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நான் என் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பதின்மூன்றாம் படம். பதினாலாம் படம். கட்டியின் ஒரு முனை கூர்மையாகக் கீழே இறங்கிக் காறை எலும்பைத் தொட்டது. சம்பந்தி குழந்தைக்குக் கழுத்துவரை சரிகை மடிப்பு வைத்த சட்டை தைத்துப் போட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை ரோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, பெரிசாயிட்ட மாதிரி இல்ல? நீங்கதானே வாராவாரம் பாக்குறீங்க. நீங்க சொன்னா நான் மாமாகிட்ட சண்டை போட்டாவது கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ஒண்ணும் இல்லம்மா. அப்படியேதான் இருக்கு," என்றேன்.

நான் சொன்ன வார்த்தைகள் இவ்வளவுதான். அவள் என்னை நம்பினாள். அளப்பதில் நான் தப்பு செய்வேன் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமை போனேன். பதினைந்தாம் படம், பதினாறாம் படம். ஒன்றும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஆறரை மணிக்கு என் வாசலில் ஜட்கா வந்து நின்றது. சம்பந்தி நனைந்துகொண்டு இறங்கினார். எப்போதும் என்னைப் பார்த்ததும் சிரிக்கிற முகத்தில் சிரிப்பு இல்லை. "சம்பந்தி, ஏறுங்க. சர்ஜன் வீட்டுக்குப் போகணும். உங்க படங்களையும் எடுத்துக்கங்க. ரோஸ் கேக்குறா."

உள்ளே ரோஸ் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகச் சளியாம். அன்று காலை கட்டி திடீரென்று ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் சீட்டி அடித்தது.

ஜட்காக்காரர் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஒரு பாய். திரும்பிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, ரோசன பண்ணிக்கினு நிக்கிற? கொயந்த மூச்சு வுட முடியாம கீது. ஏறி குந்து சீக்கிரம்!" குதிரையை விரட்டினார். "ரோட்டுல தண்ணி நிக்கிது, கெட்டியா புட்ச்சிக்கோம்மா. யா அல்லா, இந்தச் சின்னதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு. தெரு முனையில் அறுபத்துநாலு. அந்த நேரத்திலும் என் பாழும் மனசு, முன்பின் தெரியாத இந்த பாய்கூட என்னை முந்திக்கொண்டு ஜெபித்துவிட்டாரே என்று கணக்குப் பார்த்தது.

சர்ஜன் எங்களைப் பார்த்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பினார். நான் மூச்சின் எண்ணிக்கையைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கட்டியில் ஊசி ஏற்றி இழுத்தார். தெளிந்த நீராக வர வேண்டியது பழுப்பாக வந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். மூன்று தடவை இழுத்தார். சீட்டிச் சத்தம் மெல்ல அடங்கியது. எண்ணினேன். நாற்பத்தாறு.

அப்புறம் அவர் கை கழுவிக்கொண்டு படங்களைக் கேட்டார். பதினாறையும் அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். மழை வெளிச்சத்தில் பதினாறு கோடுகளும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன.

"யார் வரைஞ்சது இது?"

"நான்தான்."

"பிரமாதமா இருக்கு. இப்படி ஒரு படம் நான் பார்த்ததே இல்லை."

சம்பந்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் என்னை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு மூச்சு நேரம் நான் நிமிர்ந்து நின்றேன். அப்புறம் சர்ஜனின் விரல் ஒரு கோட்டின் மேல் நின்றது.

"தேதியும் போட்டிருக்கீங்க. செப்டம்பர்லயே இது வெளியே போயிடுச்சே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அஞ்சு வாரம் ஏன் சும்மா இருந்தீங்க?"

நான் சம்பந்தியை மாட்டிவைக்க வரைந்த படத்தில் நானே மாட்டியிருந்தேன். ரோஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நான் உங்ககிட்ட கேட்டேனே," என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சளி அடங்கி உடம்பு தேறினால்தான் மயக்க மருந்து தாங்கும் என்று பதினோரு நாள் வைத்திருந்தார்கள். எந்த நேரமும் திரும்ப வீங்கலாம். வீங்கினால் காத்திருக்க முடியாது. அறுவையில் எத்தனை குழந்தை பிழைக்கும், நூற்றுக்கு எத்தனை, என்று சர்ஜனைக் கேட்டேன்.

"கணக்குக் கேக்காதீங்க பெரியவரே. உங்களுக்கு இருக்கிறது ஒரு குழந்தை," என்றார்.

பண்டிகை ஞாயிறு நாங்கள் இல்லாமல் நடந்தது. பத்தாம் நாள் நான் வார்டு வாசலில் நின்றபோது ரோஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அப்பா, வந்து மூச்சை எண்ணுங்க. எனக்குப் பயமா இருக்கு." ஓடிப்போய் எண்ணினேன். முப்பத்தாறு. ஒன்றுகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்குக் குழந்தையை எடுத்துப் போனார்கள். அவள் சம்பந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொடுத்தார். ரோஸ் அறுவை அறைக் கதவருகே போய் நின்றாள். தாழ்வாரத்து மர பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் ஜெபிப்பார் என்று காத்திருந்தேன். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை.

"நீங்க ஜெபம் பண்ணுங்க சம்பந்தி," என்றார் கடைசியில். "என்னால முடியல. நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே பொய்யாக் கேக்குது. தினம் குளிப்பாட்டும்போது அந்தக் கட்டியைப் பார்த்தேன். தெரிஞ்சுதான் சட்டை தைச்சேன்."

"நான் வரைஞ்சு வச்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்," என்றேன். "நீங்க பண்டிகை அன்னைக்கு அவமானப்படணும்னு காத்திருந்தேன். அஞ்சு சனிக்கிழமை."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு வெறுப்பா என் மேல?"

"வெறுப்பு இல்லை. பொறாமை. உங்க குரல் மேல. இந்தக் குழந்தை உங்ககிட்ட ஓடி வர்றது மேல."

அவர் அறுவை அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, "சரி. இப்ப ஜெபம் பண்ணுங்க," என்றார்.

நான் எத்தனையோ வருஷம் ஏங்கினது நடந்தது. தேவசகாயமே என்னை ஜெபிக்கச் சொல்கிறார். ஏழு நிமிஷ ஜெபம் எனக்கு மனப்பாடம், அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "ஆண்டவரே, என் ஜெபத்தைக் கேட்க வேண்டாம். நான் அதற்கு யோக்கியன் இல்லை. ஆகஸ்டு மாதம் இவர் மூன்று நாள் சாப்பிடாமல் கேட்டாரே, அதைக் கேளும். அந்தப் பெயர் இவருக்கே போகட்டும். குழந்தையை மட்டும் கொடும்." பெயர் இவருக்கே போகட்டும் என்று சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. எரிய எரியத்தான் சொன்னேன். ஆமென் சொல்வதை அவருக்கு விட்டேன். அவர் சொன்னார்.

பத்து ஐம்பத்தைந்துக்குச் சர்ஜன் வெளியே வந்தார். இரண்டு மணி நாற்பது நிமிஷம். ரோஸ் ஓடினாள். நாங்களும் எழுந்தோம்.

"மூச்சு நல்லா இருக்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பதினாலாவது படத்துல ஒரு முனை கீழே இறங்குதே, அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் காறை எலும்புக்குப் பின்னாடி தேடினேன். அங்கே ஒரு பை ஒளிஞ்சிருந்தது. அதை விட்டிருந்தா திரும்ப வளர்ந்திருக்கும்."

ரோஸிடம் பொய் சொன்ன நாளின் படம் அது. கெட்ட எண்ணத்தோடு வரைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு கர்த்தர் குழந்தையைக் காப்பாற்றினார். இதை எனக்குக் கிடைத்த புகழ் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? முடியவில்லை. அவமானம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

தையல் பதினாலு. காயத்தில் வைத்த ரப்பர்க் குழாய் வழியாகப் பன்னிரண்டு நாள் நீர் வடிந்தது. தினமும் கட்டு மாற்றுவார்கள். நான் எண்ணி வைப்பேன். மாலையில் சம்பந்தி வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை கட்டு நனைஞ்சுது?" ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. பதின்மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. இரண்டு கிழவர்களும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னோம்.

லில்லிக்கு வருகிற மாதம் ஒரு வயசு. இப்போதும் அழும்போது கீழுதடு ஒரு பக்கம் கோணுகிறது. ஒரு நரம்பு களைத்துப்போயிருக்கிறது, நாளாவட்டத்தில் தேறலாம் என்கிறார் சர்ஜன். பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்த ஒரு துணுக்கை விட்டுவைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். காட்டுவோம். முழுச் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிறாள், மூச்சு விடுகிறாள், பல் நாலு முளைத்திருக்கிறது. இதுதான் சாட்சி.

போன புதன்கிழமை ஐயர் தேவசகாயத்தைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவர் எழுந்து, ஆகஸ்டில் தாம் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது, அது பொய் என்று உங்கள் முன் அறிக்கை செய்தார். இந்தத் தடவை சொல்ல வேண்டியவர் சம்பந்தி என்று என்னைக் காட்டினார். அவ்வளவு பெரிய மனுஷன் அவ்வளவு லேசாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் பொறாமைதான் வந்தது. என்னால் அப்படிச் சொல்ல முடியுமா என்று. அதனால்தான் எழுதி வந்தேன்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு கட்டி இருக்கலாம், ஒரு கடும் வியாதி இருக்கலாம். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சாட்சிக்கு அவசரம் வேண்டாம், கர்த்தர் காத்திருப்பார். யாரைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அவர் பெயரை எழுதித்தான் உங்கள் சீட்டைப் பெட்டியில் போடுங்கள். நேற்று நான் போட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை பதினேழாம் படம் எடுத்தேன். இப்போது லில்லி பகலில் தூங்குவதில்லை. என்னைக் கண்டால் துணியைப் பிடித்து இழுக்கிறாள். அதனால் சம்பந்தி அவளை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பாடினார். பாட்டு முடிகிறவரை அவள் அசையவில்லை. காது, தாடை, காறை எலும்பு. மூன்று புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தேன். காதிலிருந்து தோள்வரை கோடு தடையில்லாமல் இறங்கியது.

அவர் பாடாமல் இருந்திருந்தால் அந்தக் கோடு எனக்குக் கோணலாகத்தான் வந்திருக்கும்.